அந்த நீலம் என்னுது இல்ல

அந்தப் பொட்டலத்தை மட்டும் காலுக்குக் கீழ வச்சுக்கங்கம்மா. நீங்க உக்காருங்க, தாராளமா உக்காருங்க. பஸ்ஸு இம்புட்டு நெறைஞ்சு கிடக்கையில ஆம்பள சீட்டு பொம்பள சீட்டுன்னு பாக்க முடியுமா? எனக்கும் அறுபத்தஞ்சு ஆச்சு. உங்களைச் சொல்லல, பொட்டலத்தைச் சொல்றேன். அந்த அட்டையில ஒரு புள்ள டயப்பரை மாட்டிக்கிட்டுச் சிரிக்குதில்ல, அதைப் பாத்தாலே எனக்கு அடிவயித்துலருந்து எரியுது.

யாருக்கு, பேத்திக்கா? செம்பட்டியிலயா மகளைக் குடுத்திருக்கு? நல்லது. புள்ளைக்கு எத்தனை மாசம்? மூணா. எம்பேரனுக்கு இன்னைக்கு நாப்பத்தேழு நாள். அதுல முப்பத்தெட்டு நாள் எங்கூட இருந்தான். மிச்ச ஒம்பது நாளா வத்தலக்குண்டுல, அவங்கப்பத்தா வீட்டுல. தலைப்பிரசவம்மா. அஞ்சு மாசம் எங்க வீட்டுல இருந்து, அஞ்சாம் மாசம் சீரோட நான் கொண்டுபோய் விடணும், அதான மொறை? முப்பத்தெட்டாம் நாளு கார்ல வந்தாங்க. மத்தியானச் சோத்துக்கு முன்னால புள்ளையையும் எம்மகளையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எதுக்குன்னு கேளுங்க. துணிக்கு. ஆமா, பீத்துணிக்கு! அதைக் கேக்கத்தான் இப்பப் போறேன். கேட்டு, ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டு வரத்தான் போறேன்.

என்னைய யாருன்னு நெனைச்சுட்டாங்க? பழநி அடிவாரத்துல நாப்பத்திரண்டு ரூம்பு லாட்ஜுல முப்பத்தோரு வருசம் சலவைக்கு இருந்தவன். சின்னாண்டின்னு சொன்னா அந்தத் தெருவுல டீக்கடைக்காரன்லருந்து தேவஸ்தானத்து ஆளு வரைக்கும் தெரியும். தைப்பூசத்துக்கு ஒரே நாள்ல எரநூறு பெட்சீட்டு வந்து விழும். காவடி எடுத்த சனம், பாதயாத்திரை வந்த சனம். சேறு, சந்தனம், பஞ்சாமிர்தம், மொட்டை போட்ட ரத்தம், எல்லாம் அதுலதான். மறுநாள் மொட்டைமாடியில பாத்தீங்கன்னா கண்ணு கூசும். நான் மூணாங்கிளாசு தாண்டலம்மா. ஆனா ஒரு கறையைப் பாத்தா அது என்னது, என்னைக்குப் பட்டது, முந்தி எந்தக் கூறுகெட்டவன் அதைச் சுடுதண்ணியில போட்டு நெலைக்க வச்சான்னு சொல்லிருவேன். எனக்குத் துணி சொல்லிக் குடுக்குறாங்க!

மொதல்லருந்து சொல்றேன். எம்பொஞ்சாதி போயி நாலு வருசம் ஆச்சு. ஒத்தப் புள்ள, ஹேமலதான்னு பேரு, நான் ஹேமான்னுதான் கூப்பிடுவேன். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சுக் கூட்டிட்டு வரப் போயிருக்கேன். வத்தலக்குண்டுல அவங்க வீட்டு முன்னால பந்தல் போட்டு சனம் பூராவும் உக்காந்திருக்கு. புளிச்சோறு, தேங்காச்சோறு எல்லாம் எலையில விழுந்துக்கிட்டிருக்கு. அப்ப எங்க சம்மந்தியம்மா, வீரலட்சுமின்னு பேரு, மெல்லக் கேக்குற மாதிரி ஊருக்கே கேக்கும்படியாக் கேக்குறாங்க. “ஏண்ணே, பொம்பள இல்லாத வீட்டுல பச்சப்புள்ளைய எப்பிடிண்ணே வச்சுப் பாப்பீங்க? பேசாம இங்கனயே இருக்கட்டுமே.”

பேசாமவாம். பேசாம இருக்கிறதுக்கா நான் வரிசைத்தட்டு பதினஞ்சு தூக்கிட்டுப் போனேன்? “தங்கச்சி, குளிக்க வைக்க ஆளு சொல்லியாச்சு. பத்தியச் சோறுக்குப் பக்கத்து வீட்டுல சொல்லியாச்சு. துணிக்கு நான் இருக்கேன்”னு சொன்னேன். அவ்வளவுதான், அந்தச் சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அதுல ஒருத்தன், மாப்பிள்ளைக்குச் சித்தப்பனாம், “பீத்துணி அலசப் போறீங்களா மச்சான்?”ங்கிறான். “ஊரான் வீட்டு ஆளுக படுத்து எந்திரிச்சதையே அலசுனவன், எம்பேரன் பீயை அலச மாட்டனா?”ன்னேன். சிரிப்பு நின்னுபோச்சு. சபையில சொன்ன வார்த்தைம்மா அது. ‘துணிக்கு நான் இருக்கேன்.’ அதை ஞாபகம் வச்சுக்கங்க.

கூட்டிட்டு வந்ததும் மொத வேலையா லாட்ஜு மொதலாளிகிட்டப் போயி, கழிச்சுப் போட்ட பெட்சீட்டு பத்து வாங்கிட்டு வந்தேன். பொறந்த புள்ளைக்குப் புதுசு ஆகாது, துவைச்சுத் துவைச்சுப் பஞ்சான பழசுதான போடணும்? எங்கிட்ட இருக்கிற பழசு மாதிரி யாருகிட்ட இருக்கு? ஒவ்வொண்ணும் ஆயிரம் தண்ணி பாத்தது. கிழிச்சு மடிச்சு அடுக்கிக்கிட்டிருக்கேன், ஹேமா வந்து நின்னுக்கிட்டு, “ஏப்பா, இதுல எத்தனை பேரு படுத்திருப்பாக?”ங்கிறா. “எல்லாம் முருகனைப் பாக்க வந்த ஆளுகதான் தாயி, கெட்டவன் எவனும் படுக்கல”ன்னேன். “புதுசாக் கல்யாணம் ஆனவங்களும் வந்திருப்பாகளேப்பா”ன்னுட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. அப்பன்கிட்டப் பேசுற பேச்சா இது? அப்பிடியே கட்டிப் பரண்ல போட்டுட்டேன்.

அப்புறம் என்ன துணின்னு அவதான் முடிவு பண்ணுனா. செல்லுலயே நாலு நாள் பாத்தா. இந்தக் கடைப் பொட்டலமெல்லாம் வேண்டாம், வெயில் காலம், புள்ளைக்குத் துணிதான் நல்லதுன்னு அவளே சொன்னா. எனக்கு அப்ப நெஞ்சு நெறைஞ்சுபோச்சு, பொய் சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு பச்சப்புள்ளத் துணிக்கடை இருக்கு, அங்க கூட்டிட்டுப் போனேன். முக்கோணமா வெட்டி ரெண்டு பக்கமும் கயிறு வச்சது, மல்லுத்துணி, ரெண்டு மடிப்பு, அது மூணு டஜன் எடுத்தா. நல்ல துணி, விரல்ல தேய்ச்சுப் பாத்தேன், ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது. அதோட நிக்காம பட்டன் வச்ச டயப்பர்னு ஒண்ணு எடுத்தா. வெளிய வழவழன்னு ஒரு துணி, உள்ள பை மாதிரி வச்சு, அதுக்குள்ள ஒரு கனத்த துணியைச் சொருகணும். புள்ள பெருசாகப் பெருசாகப் பட்டனைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கலாமாம். வெளித்துணியைப் புடிச்சுப் பாத்தேன், உள்பக்கம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. “இது என்னய்யா?”ன்னா, கடைக்காரன், “தண்ணி வெளிய வராதுங்க பெரியவரே”ங்கிறான். “தண்ணி உள்ள போயி வெளிய வந்தாத்தான்யா துணி. வராதுன்னா அதுக்குப் பேரு குடை”ன்னேன். கடையில இருந்த பொம்பளைக எல்லாம் சிரிச்சாக. ஹேமா என் கையைக் கிள்ளுனா. ஆறு எடுத்தோம்.

அந்த ஆறுலயும் ஒரு சீட்டு தச்சிருந்தான். எழுத்து இங்கிலீசு, படம் மட்டும் நமக்குப் புரியும். ஒரு இஸ்திரிப் பெட்டி போட்டு அது மேல குறுக்கும் நெடுக்குமா ரெண்டு கோடு. சரி, குறுக்கயும் நெடுக்கயும் தேய்க்கச் சொல்லியிருக்கான்னு தேய்ச்சேன். பிளாஸ்டிக்கு அப்பளம் மாதிரி பொரிஞ்சு பெட்டியில ஒட்டிக்கிச்சு! வீடு பூரா நாத்தம். என்னத்தைச் செய்யிறானுக? தேய்க்கச் சொல்லிட்டு, தேய்ச்சாப் பொரியிற மாதிரி செஞ்சு விக்கிறானுக. என்னம்மா சிரிக்கிறீங்க? அந்தக் கோட்டுக்கு வேற அர்த்தமா? தேய்க்கக் கூடாதுன்னா எதுக்குப் பெட்டியைப் போடுறான்? போடாமயே விட்டுறலாமில்ல?

சரி, ஒண்ணு பொரிஞ்சதும் மிச்ச அஞ்சையும் ஒதுக்கிப் போட்டுட்டேன். முக்கோணத் துணி இருந்துச்சில்ல. புள்ள பொறந்தான். மூணு கிலோ, அம்மாகாரி மூக்கு, என் காது. மொத நாளு ஆஸ்பத்திரியில கையில குடுத்தாக, ரெண்டு நிமிசம் ஆகல, என் சட்டை மேலயே சுடச்சுட விட்டுட்டான். அந்தச் சட்டையை ரெண்டு நாள் துவைக்காம வச்சிருந்தேன். சலவைக்காரன்மா நான், துவைக்காம வச்சிருந்தேன்.

ஒரு நாளைக்கு இருபது துணி. சில நாளைக்கு இருபத்தஞ்சு. பாலைக் குடிச்சா ஒண்ணு, குடிக்கையிலயே ஒண்ணு, மாத்துன ஒடனே புதுசுக்குத் தெறப்பு விழா மாதிரி ஒண்ணு. சலிப்பேனா? வெடியக்காலம் எந்திரிச்சு, கெட்டியை வழிச்சு, பச்சத்தண்ணியில ஊறவச்சு, சலவைச் சோடா போட்டு அண்டாவுல வேகவச்சு, பிளீச்சிங் பவுடரு... அரைக் கரண்டிதாம்மா, பச்சப்புள்ளைக்கு எம்புட்டுப் போடணும்னு எனக்குத் தெரியாதா? அலசி, சொட்டு நீலம் ரெண்டு சொட்டு, அப்புறம் ஜவ்வரிசிக் கஞ்சியில முக்கி, மொட்டைமாடியில கயித்துல போட்டா, வெயில் ஏறும்போது கொக்குக் கூட்டம் எறங்குன மாதிரி இருக்கும். தேய்ச்சு அடுக்குனா ஒவ்வொண்ணும் முறுமுறுன்னு நிக்கும். கயித்தைப் புடிச்சுத் தூக்குனா மடிப்புக் கலையாது. பக்கத்து வீட்டு ஆளு, “என்னண்ணே, வீட்டுல லாட்ஜு தெறந்துட்டீங்களா?”ன்னு கேட்டாரு. கேக்கட்டும். எந்தப் பொம்பள வச்சிருக்கா அந்த மாதிரி?

என்னம்மா, கஞ்சியாங்கிறீங்க? ஆமா கஞ்சிதான். கஞ்சி இல்லாத துணி துணியா? அது துடைப்பான். ஜவ்வரிசிம்மா அது, பாயாசத்துல போட்டுக் குடிக்கிறது. நம்ம வயித்துக்குள்ள போறது புள்ள தொடையில பட்டா என்ன ஆயிரும்?

இருங்க, ஒட்டன்சத்திரத்துல நிக்குறான். எறங்குறவக எறங்கட்டும். கால எடுத்துக்கங்க.

ஹேமாவும் அதையேதான் சொன்னா. பத்து நாளு கழிச்சுன்னு நெனைக்கிறேன். “ஏப்பா, கஞ்சி வேண்டாம்ப்பா, புள்ளைக்குக் கொஞ்சம் தடிப்பாத் தெரியுது.” “தடிப்பு உஷ்ணத்துல வர்றது தாயி, நீ தின்ன கருவாட்டுச் சூடு”ன்னேன். ஆனா கொறைச்சேன். ஒரு கைப்பிடி கொறைச்சேன், நான் ஒண்ணும் சொல்பேச்சுக் கேக்காதவன் இல்ல. புள்ள அழுதான். புள்ளன்னா அழத்தான் செய்யும். ஓமத்தண்ணி குடுக்கச் சொன்னேன். நல்லெண்ணெய் தடவச் சொன்னேன். துணியை மாத்துறப்ப மட்டும் ரொம்ப அழுதான். இந்தக் காலத்துப் புள்ளைக, துணி மாத்துறது புடிக்கலன்னு நெனைச்சேன்.

ஒரு நாளு நான் சாப்புட்டுப் படுத்து எந்திரிச்சு மாடிக்குப் போறேன், கயித்துல ஏழு துணி தொங்குது, தொளதொளன்னு, நீலம் இல்ல, கஞ்சி இல்ல, கெழவி தோல் மாதிரி. எனக்கு வந்துச்சே கோபம். “யாரு போட்டது?” ஹேமா சொல்றா, “நான்தாம்ப்பா, சும்மா வெறும் தண்ணியில அலசிப் போட்டேன்.” “பச்ச ஒடம்புக்காரி தண்ணியில கை வைக்கிறியா? இந்த வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்? எந்துணியை இனிமேத் தொட்டே, எனக்குக் கெட்ட கோபம் வந்துரும்”னு சத்தம் போட்டேன். அந்த ஏழையும் எடுத்து மறுபடி வேகவச்சுக் கஞ்சி போட்டுத்தான் விட்டேன். அவ புள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள போயிட்டா.

இப்ப முப்பத்தெட்டாம் நாளுக்கு வர்றேன். நல்லாக் கேளுங்க, இதுலதான் எனக்கு நடந்த அநியாயம் இருக்கு.

சம்மந்தியம்மாவும் மாப்பிள்ளையும் வந்தாக. மாப்பிள்ளை நல்ல புள்ளதான், பிரதாப்புன்னு பேரு, அம்மா முன்னால மட்டும் வாய் தொறக்காது. வந்து காப்பி குடிச்சு முடிக்கல, அந்தம்மா புள்ளையை மடியில போட்டுத் துணியை அவுத்தாக. அவுத்த வேகத்துல போட்டாங்கம்மா ஒரு சத்தம். “ஐயையோ! எம்பேரனுக்கு நீலம் புடிச்சிருக்கே!”

புள்ளைக்குப் பின்னால, இடுப்புக்குக் கீழ, உள்ளங்கை அகலத்துக்கு நீலமா இருக்கு. பொறந்தப்பவே இருந்துச்சும்மா. நான் பாத்தேன், ஹேமா பாத்தா, குளிக்க வைக்கிற அம்மாவும் பாத்தாக. அது மச்சம். அந்தம்மா அடுக்கி வச்ச வெள்ளைத் துணியைப் பாக்குறாக, நீல டப்பாவைப் பாக்குறாக, என்னையப் பாக்குறாக. “புள்ளையா, வேட்டியாண்ணே? நீலம் போட்டு வச்சிருக்கீங்க!” என் தொழில் மேல கைய வச்சுட்டாக. “தங்கச்சி, முப்பத்தோரு வருசத்துல நான் போட்ட நீலம் ஒரு ஆளு ஒடம்புல ஒட்டுனதில்ல, இது மச்சம்”ங்கிறேன். “இம்புட்டுப் பெருசா எவனுக்கு மச்சம் இருக்கும்? ஆனைக்கா?”ங்கிறாக. “வாங்க டாக்டரம்மாகிட்ட, வாங்க இப்பவே!”ன்னு நான்தான் கூப்பிட்டேன். நான்தாம்மா கூப்பிட்டேன்.

டாக்டரம்மா பாத்தாக. சிரிச்சாக. “இது பிறவியிலயே வர்றதும்மா, நெறையப் புள்ளைங்களுக்கு இருக்கும், வளர வளரத் தானா மறைஞ்சிரும்”னாக. நான் சம்மந்தியம்மா பக்கம் திரும்பி, “கேட்டுக்கிட்டீங்களா? அந்த நீலம் என்னுது இல்ல!”ன்னேன். அந்த ரூம்பே அதிர்ற மாதிரி சொன்னேன். வெளிய உக்காந்திருந்த சனத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். கேக்கட்டும்னுதான் சொன்னேன்.

அதோட முடிஞ்சிருக்கணுமில்ல? முடியல. டாக்டரம்மா புள்ளையோட காலை விரிச்சுப் பாத்தாக. மூஞ்சி மாறிப்போச்சு. தொடை ஓரம் ரெண்டு பக்கமும் செவந்து, தோலு உரிஞ்சு... வேண்டாம், அதை விடுங்க. “துணியை யாரு துவைக்கிறது? என்ன போட்டுத் துவைக்கிறீங்க?”ன்னு கேட்டாக.

நான் வாயைத் தொறந்தேன். சத்தியமாத் தொறந்தேன். அதுக்குள்ள ஹேமா சொல்லிட்டா. “நான்தான் டாக்டர். சரியா அலசாம விட்டுட்டேன்.”

நான்தானாம்! எம்மக சொல்றா! வெடியக்காலத்துலருந்து அண்டாவுக்கு முன்னால நின்னது யாரு? கை வெந்தது யாரு, இந்தா பாருங்க, இது சோடா பட்டது, இன்னும் ஆறல. கொக்குக் கூட்டம் மாதிரி வெளுத்தது யாரு? அத்தனையையும் ஒரே வார்த்தையில ‘நான்தான்’னு எடுத்துக்கிட்டா. என் உழைப்பை எம்மகளே திருடிட்டாம்மா. அந்தம்மா மேல கூட எனக்கு அம்புட்டுக் கோபம் இல்ல. எம்மக மேலதான்.

சம்மந்தியம்மா விடுவாகளா? “பச்ச ஒடம்புக்காரியா துணி துவைக்கிறா? சபையில என்னண்ணே சொன்னீங்க? துணிக்கு நான் இருக்கேன்னு சொன்னீங்கள்ல? இதுக்குத்தான் இருந்தீங்களா?” எனக்கு எங்க போயி முட்டிக்கிறதுன்னு தெரியல. வீட்டுக்கு வந்து துணிமணியைக் கட்டுனாக. நான் ஹேமாகிட்ட மெதுவா, “எதுக்கு தாயி அப்பிடிச் சொன்ன?”ன்னேன். “விடுங்கப்பா”ன்னா. அவ்வளவுதான். ‘விடுங்கப்பா.’ கார் கதவைச் சாத்தையில புள்ள தூங்கிக்கிட்டிருந்தான். என்னையப் பாக்கக்கூட இல்ல.

ஏன் பேசலங்கிறீங்களா? எப்பிடிம்மா பேசுறது? நான்தான் துவைச்சேன்னு சொன்னா எம்மக பொய்க்காரி ஆயிருவா, புருசன் முன்னால, மாமியார் முன்னால. அதுக்காகத்தான் பேசாம இருந்தேன். வேற எதுக்குங்கிறீங்க? அப்பிடிப் பாக்காதீங்கம்மா.

மறுநாள்லருந்து தெனமும் போன் போடுவேன். மூணாம் நாளே, “புண்ணு ஆறிருச்சுப்பா”ன்னா. அந்த டாக்டரம்மா குடுத்தது நல்ல மருந்து. “அங்க துணிக்கு என்ன போடுறாக?”ன்னு கேட்டேன். “ஒண்ணும் போடல, கொஞ்சம் சோப்பு, நாலஞ்சு தண்ணியில அலசி வெயில்ல போடுறோம்”னா. “வெளுப்பா வருதா?” “இல்லப்பா, பழுப்பாத்தான் இருக்கு.” பாத்தீங்களா? பழுப்பாம். பழுப்புத் துணியிலதான் எம்பேரனைக் கிடத்தியிருக்காக.

மூணு நாள்ல ஆறிருச்சு. எங்கிட்ட முப்பத்தெட்டு நாளு. மருந்துதாம்மா, மருந்துதான்.

நேத்து போன்ல பேசிக்கிட்டிருக்கையில பின்னாலருந்து ஒரு சத்தம். எனக்குக் காது கூர்மை, லாட்ஜுல மூணாவது மாடியில குழாய் சொட்டுனா கீழருந்தே சொல்லுவேன். சம்மந்தியம்மா குரல்தான். “ஏ ஹேமா, அந்தத் துணியை நீ தொடாத. நீ அலசுன லட்சணத்தைத்தான் பாத்தோமே, புள்ளையத் தோலை உரிச்சுக் கொண்டுவந்து குடுத்த.” வேற ஏதோ பொம்பளைகளும் இருந்தாக போல, சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஹேமா எங்கிட்ட, “அப்புறம்ப்பா, சாப்பிட்டீங்களா?”ங்கிறா. கொரலு மாறல அவளுக்கு. பழகிருச்சு போலம்மா. ஒம்பது நாள்ல பழகிருச்சு.

அந்தப் பேச்சு யாருக்கு வரவேண்டிய பேச்சு? சொல்லுங்க. யாரு அலசுனதுக்கு யாரு பேச்சு வாங்குறா?

காலையில பஸ் ஏறும்போது என்ன நெனைச்சு ஏறுனேன் தெரியுமா? போயி, பந்தல் போட்டுச் சிரிச்ச அதே வீட்டு வாசல்ல நின்னு, “எம்மக துணி துவைக்கல, நான்தான் துவைச்சேன், அந்த வெளுப்பு என் வெளுப்பு, சபையில சொன்ன வார்த்தையை நான் காப்பாத்தியிருக்கேன், புள்ளையை அனுப்புங்க”ன்னு சண்டை போடணும்னு ஏறுனேன். ஒட்டன்சத்திரம் வரைக்கும் அதே நெனைப்புதான். உங்ககிட்டச் சொல்லச் சொல்லத்தான்...

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. புரியுது. வெளுப்பு என்னுதுன்னா கஞ்சியும் என்னுதுதான். பாதியை எடுத்துக்கிட்டுப் பாதியை எம்மக மடியில போட முடியுமா? நீலம் என்னுது இல்ல, அதை நான் எந்தக் கோயில்லயும் சொல்லுவேன். ஆனா அந்தச் செவப்பு...

சொன்னா என்ன ஆகும்? நீங்களே சொல்றீங்க பாருங்க, அப்புறம் அனுப்ப மாட்டாக. அஞ்சாம் மாசமும் கிடையாது, அடுத்த புள்ளைக்கும் கிடையாது. ‘கெழவன்கிட்டக் குடுத்தா உரிச்சுருவான்’பாக. பந்தல்ல சிரிச்சவனெல்லாம் மறுபடி சிரிப்பான். அந்தச் சித்தப்பன் பல்லு எனக்கு இப்பவே தெரியுது. சொல்லாட்டி? சொல்லாட்டி எம்மக வாழப்போற வீட்டுல, பெத்த புள்ளையையே உரிச்சவன்னு... உரிச்சவள்னு பேரு. ஆயுசுக்கும் அந்தப் பேரு. பொம்பளைகளுக்கு ஒட்டுன கறை எந்தச் சோடாவுலயும் போகாதும்மா, அது எனக்குத் தெரியும்.

செம்பட்டி வந்துருச்சா? வரல, இன்னும் ரெண்டு மைல் இருக்கும். எறங்குறதுக்கு முன்னால எனக்கு ஒரு உதவி செய்யுங்க. எனக்கு அந்தம்மாவைப் பாத்தாலே வாயில வேற பேச்சு வந்துரும். கோபத்துல ஏதாவது தொடங்கி, டயப்பரு, கடைக்காரன், கருவாடுன்னு எங்கயாவது போயிருவேன். நீங்க சம்மந்தியம்மா மாதிரி ஒரு தடவை கேளுங்க. “யாருண்ணே துவைச்சது?”ன்னு. சும்மா கேளுங்கம்மா, பஸ்ஸுல யாரு பாக்குறா.

ம். “எம்மக இல்லீங்க தங்கச்சி, நான்தான் துவைச்சேன். ஆனா அந்தத் துணி இருக்கே...”

என்ன? ‘ஆனா’ கூடாதா? சரி. சரி, கூடாது. மறுபடி கேளுங்க.

“நான்தான் தங்கச்சி. லாட்ஜுல முப்பத்தோரு வருசம்...”

அதுவும் கூடாதா? அதைக்கூடச் சொல்லக் கூடாதா? நீங்களும் அந்தம்மா மாதிரியேதான் பேசுறீங்க. இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க, பஸ்ஸு நின்னப்புறம் எந்திரிங்க. கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்றதுதான் சரி. அந்த முப்பத்தோரு வருசத்தாலதான புள்ள தோலு உரிஞ்சுச்சு. லாட்ஜு பெட்சீட்டு அழாதும்மா. அழாத துணியையே துவைச்சுப் பழகிட்டேன்.

பொட்டலத்தை நான் எடுத்துத் தர்றேன், குனியாதீங்க. இன்னொரு தடவை மட்டும் கேட்டுட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் அதட்டியே கேளுங்க. அந்தம்மா அப்பிடித்தான் கேப்பாக.

“நான்தான் தங்கச்சி. கஞ்சி போட்டதும் நான்தான். அவ வேண்டாம்னுதான் சொன்னா.”